கருமர மேசையும் எழுத மறுத்த அமைச்சரும்

முன்னொரு காலத்தில் குறும்பனை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஆசைப்பட்ட பொருள்மேல் மாலையில் கோபப்படுவார். ஆள் குட்டை. அதை நாட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு நாள் கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன், "எங்கள் ராஜா தனியறையில் மேசை போட்டு, நாற்காலியில் அமர்ந்துதான் எழுதுவார்" என்று சொல்லிவிட்டுப் போனான். வந்தது வினை.

"நான் மட்டும் சம்மணம் போட்டு மடியில் ஓலையை வைத்து எழுதுவதா? எனக்கும் மேசை வேண்டும். இந்த மண்ணில் விளையாத மரத்தில் வேண்டும்!" என்றார் ராஜா.

தூரத்துத் தீவிலிருந்து கப்பலில் கருமரம் வந்து இறங்கியது. தண்ணீரில் போட்டால் கல்லைப்போல் மூழ்கும். உளி வைத்தால் உளிதான் மழுங்கும். உத்தண்டி ஆசாரி அந்த மரத்தோடு மல்லுக்கட்டி, மேசையும் நாற்காலியும் செய்து முடித்தார். மேற்பார்வை அரண்மனை அதிகாரி ராயசிங்கருடையது. ராஜாவின் நிழலுக்கும் கும்பிடு போடுகிறவர், பனைமர உயரம்.

மேசை சபைக்கு வந்தது. முகம் பார்க்கலாம் போல அத்தனை மினுமினுப்பு. ராஜா ஆசையோடு ஏறி உட்கார்ந்தார். கால் தரைக்கு எட்டவில்லை. பலகை மார்புக்கு வந்தது. முழங்கையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். தோள் காதை இடித்தது. பின்வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். ராஜா சட்டென்று இறங்கிச் சிங்காசனத்துக்கே திரும்பினார்.

"ஆசாரி! சபை நடுவே என்னைக் குழந்தையாக்கிக் காட்டவா இதைச் செய்தாய்?"

"அளவு தப்பவில்லை மகாராஜா" என்றார் ஆசாரி. குரலில் நடுக்கம் இல்லை. "உட்காருகிறவர் உடம்பை அளக்காமல் நாங்கள் மேசைக்கு மரம் அறுப்பதில்லை. உங்களை அளக்கத்தான் வந்தேன். இந்த ஐயா வாசலிலேயே மறித்து, 'ராஜா திருமேனியில் உன் நூல் படுவதா? என்னை அள, போதும்' என்றார். அளந்தேன்."

"அடப் பாவி!" என்று குதித்தார் ராயசிங்கர். "பிரபு, இவன் நூல் என் நிழலில்கூடப் பட்டதில்லை. கள் மயக்கத்தில் அளவைத் தொலைத்துவிட்டு என்மேல் பழி போடுகிறான். கட்டைவிரலை வாங்குங்கள், புத்தி வரும்."

"வாங்குவோம். அமைச்சரே, உத்தரவை எழுதும்."

தண்டனை ஓலையில் ஏறினால்தான் நிறைவேறும். அது அந்தச் சபையின் வழக்கம். அமைச்சர் நல்லசேனர் எழுத்தாணியை எடுத்தார். கட்டைவிரல் போனால் ஆசாரி உளியை எதைக்கொண்டு பிடிப்பார்? அவர் சொல்வது உண்மை என்று அமைச்சரின் மனம் சொன்னது. சாட்சிதான் இல்லை. 'மறுத்தால் அது நியாயத்துக்காக மறுப்பதா? இல்லை, தலை நரைத்தவனுக்கு வரும் வெறும் பிடிவாதமா?' தன்னையே கேட்டுப் பார்த்தார். எதுவாக இருந்தால் என்ன, கை நகரவில்லை.

எழுத்தாணியைக் கீழே வைத்தார்.

"நான் எழுதமாட்டேன் அரசே."

ராஜா சிங்காசனத்திலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"என்ன சொன்னீர்?"

"எழுதமாட்டேன் என்றேன். விரலைக் கேட்டவரே எழுதட்டும். கெட்டுப்போனதாகச் சொல்லும் இதே மேசையில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து எழுதட்டும்."

"உமது தலையைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்" என்று உறுமினார் ராஜா. "ராயசிங்கரே, எழுதும்!"

ராயசிங்கருக்கு வாயெல்லாம் பல். இன்று அமைச்சர் வேலை, நாளை அமைச்சர் பதவி! ராஜாவின் மேசையில் அமரும் பாக்கியம் வேறு. ஓடிப்போய் உட்கார்ந்தார். எழுத்தாணி சரசரவென்று ஓடியது.

நல்லசேனர் ராஜாவை நெருங்கினார். "அரசே, ஓலையைப் பார்க்கவேண்டாம். ஆளைப் பாருங்கள்."

ராஜா பார்த்தார். பாதம் தரையில் அழகாகப் படிந்திருந்தது. முழங்கால் இடிக்கவில்லை. முழங்கை பலகையில் சுகமாகக் கிடந்தது.

"உட்கார வசதியாக இருக்கிறதா, ராயசிங்கரே?" என்று கேட்டார் அமைச்சர்.

"வசதியா! எனக்கென்றே செய்த மாதிரி…" நாக்கு பாதியில் நின்றது.

"கேட்டீர்களா அரசே? கள் மயக்கத்தில் இருந்த கை, உங்கள் அதிகாரியின் முட்டியையும் முழங்கையையும் இவ்வளவு சரியாக எப்படிக் கண்டுபிடித்தது?"

ராயசிங்கர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "பிரபு! கண்டவன் கை உங்கள்மேல் படக்கூடாதே என்ற பக்தியில்…"

"பக்தி பொய் சொல்லுமா? அடுத்தவன் விரலைக் கேட்குமா?" ராஜாவின் கோபம் இப்போது சரியான வாசலுக்கு வந்து சேர்ந்தது. "மேசை உன் அளவு. உனக்கே இருக்கட்டும். கோட்டை வாசலில் போட்டு உட்கார். எழுதத் தெரியாத குடிகள் உன் தோளைத் தட்டி மனு எழுதச் சொல்வார்கள். முகம் சுளிக்காமல் எழுதிக் கொடு."

பிறகு தன் பட்டுச் சால்வையை எடுத்து ஆசாரிக்குப் போர்த்தினார். "மரம் மீதி இருக்கிறதா?"

"இருக்கிறது. ஆனால் சின்ன மேசைக்குத்தான் வரும்."

"எனக்குச் சின்னதே போதுமப்பா. இந்தா, அள" என்று கையை நீட்டினார் ராஜா. சபை இந்த முறை வெளிப்படையாகவே சிரித்தது. அவரும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அமைச்சரைப் பார்த்தார். "ராயசிங்கன் உட்காராமல் நின்றபடியே எழுதியிருந்தால் உமது தந்திரம் கவிழ்ந்திருக்குமே?"

"கவிழ்ந்திருக்கும் அரசே."

"அப்போது என்ன செய்திருப்பீர்?"

"அப்போதும் நான் எழுதியிருக்கமாட்டேன்."

ராஜா சிங்காசனத்தில் நகர்ந்து இடம் விட்டு, "இப்படி வந்து உட்காரும்" என்றார்.