முட்டை அவித்த கம்பளி

சித்திரை வெயிலில், தூத்துக்குடியிலிருந்து கோவில்பட்டிக்குப் போகிற மீன் வண்டியில், தோளில் கம்பளியைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் ஏறினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். பேர் சவரிபிச்சை. நாங்கள் மீன் கொண்டுபோகிற அதே கல்யாண வீட்டு மாப்பிள்ளைக்கு மாமா முறையாம். ஒரே இடத்துக்குத்தானே என்று டிரைவர் மரியதாஸ் ஏற்றிக்கொண்டான்.

எனக்கோ என் மீன் பெட்டி மேல்தான் கண். தெர்மாகோல் பெட்டியில் நாற்பது கிலோ சீலா, உங்கள் ஊரில் வஞ்சிரம் என்பீர்கள். சாயங்கால விருந்துக்கு. போன மாதம் ஒரு சடங்கு வீட்டுக்கு நான் கொடுத்த மீன் வழியிலேயே கெட்டுப்போய், சமையல்காரர் பொன்னுலிங்கம் பந்தலில் அத்தனை பேர் முன்னாலும் குப்பையில் கொட்டினார். இந்தக் கல்யாணத்துக்கும் அவர்தான். "இன்னொரு தடவை செவுள் கறுத்து வந்துச்சுன்னா இனி உன் மீனே வேண்டாம் வியாகுலம்" என்று சொல்லித்தான் அனுப்பச் சொன்னார். அவர் விட்டுவிட்டால் அந்தப் பக்கம் வேறு யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

எட்டயபுரம் தாண்டியதும் வண்டியில் பெல்ட் அறுந்தது. மரியதாஸ் வழியில் வந்த மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு பெல்ட் வாங்கப் போனான். மணி பதினொன்று. சுற்றிலும் கரிசல் காடு, ஒரே ஒரு உடைமரம். வண்டியைத் தள்ளி அதன் அரை நிழலில் நிறுத்திவிட்டு, நானும் என்னோடு வியாபாரம் பண்ணுகிற தெக்லாவும் சவரிபிச்சையும் உட்கார்ந்தோம்.

தெக்லாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணாச்சி, இந்த வேக்காட்டுல கம்பளி எதுக்கு?"

கேட்டாளா, போச்சு.

"சாதாரணக் கம்பளின்னு நெனச்சியா தங்கச்சி? பனிமலையில பட்டாளத்துக்குச் சமையல் பண்ணப் போனேன்லா, பத்து வருசம் என்னைக் காப்பாத்துன கம்பளி. கம்பளின்னாலே சூடு. இதுல எப்பிடிச் சூடு தெரியுமா? ராத்திரி மடிப்புல ஒரு பச்சை முட்டையை வச்சேன். விடிஞ்சு பாத்தா அவிஞ்சு கெடக்கு. தோடு உரிக்கிற வேலைதான் பாக்கி."

"உப்பு?" என்றேன்.

"உப்பு நாந்தான் போட்டேன்" என்றார், கொஞ்சமும் கூசாமல். "மறுநாள் அண்டாவுல அரிசியும் தண்ணியும் போட்டு, மேல கம்பளியைச் சுத்தி வச்சேன். முன்னூறு பேருக்குச் சோறு. அன்னியோட பட்டாளத்துல அடுப்பையெல்லாம் தூக்கி எறிஞ்சிட்டாங்க."

"கஞ்சி வடிச்சதும் கம்பளிதானா?" என்றாள் தெக்லா.

"கேளுட்டி. ஒரு ஜீப்பு, குளிர்ல வெறச்சு ஒரு மாசமா கெளம்பல. இதை மேல போத்துனேன். டுர்ருன்னு கெளம்பி, ஆள் இல்லாமலே மலை எறங்கி, பாலம் தாண்டிப் போயி, பெட்ரோல் பங்குல வரிசையில நிக்கு!"

"அப்ப இந்த வண்டி மேலயும் போடுமேன்."

"இதுக்குப் பெல்ட்டுல்லா போச்சு. அது வேற டிப்பார்ட்மென்ட்."

நான் சிரித்துவிட்டேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"சிரிக்கியோ? டெல்லியிலேருந்து விஞ்ஞானி வந்து எனக்குப் பரீட்சை வச்சாரு. நூத்துக்கு நூத்தி ரெண்டு. ஒனக்கு என்ன தெரியும்னு பாப்போம். வியாகுலம், நீ எத்தனாப்பு?"

"ஆறு."

"அதான பாத்தேன். சொல்லு. பானை தளபுளன்னு கொதிக்கி. இன்னும் ரெண்டு வெறகு வச்சா சோறு சீக்கிரம் வேகுமா?"

"வேகாது. கொதி வந்தா வந்ததுதான், அதுக்கு மேல சூடு ஏறாது. தண்ணி வத்தும், வெறகு தீரும்."

"தப்பு! நாலு வெறகுக்கு நாலு மடங்கு சூடு. நான் வச்ச தீயில அரிசி பானைக்குள்ள விழும்போதே சோறாத்தான் விழும். ரெண்டாவது கேள்வி. செம்புல ஐஸ் தண்ணி ஊத்துனா வெளிப்பக்கம் துளித்துளியா நிக்குதே, எங்கேருந்து வருது?"

"காத்துல உள்ள ஈரம். செம்பு ஓட்டைன்னா சும்மா தண்ணி ஊத்துனாலும் ஒழுகணும்லா?"

"தப்பு! செம்புக்கு வேர்க்குது. உள்ள இவ்வளவு குளிர் வந்துருச்சேன்னு பதறி வேர்க்குது."

பரீட்சை வைக்கிறவருக்கே விடை தெரியாத பள்ளிக்கூடத்தில் நான் அன்றுதான் முதல் தடவையாக உட்கார்ந்தேன்.

"அந்த விஞ்ஞானி என்ன கேட்டாரு தெரியுமா? ஒரு கிலோ இரும்பு, ஒரு கிலோ பஞ்சு, எது கனம்னு கேட்டாரு. ரெண்டையும் என் கம்பளியில சுத்துங்க, ரெண்டுக்கும் கனமே இருக்காதுன்னேன். சூடு மேலதான போகும்? அவரு நம்பல. அவரையே சுத்தி விட்டேன். தென்னை ஒசரத்துக்குப் போயிட்டாரு! கயிறு வீசி, எட்டுப் பேரு இழுத்து எறக்குனோம். அவரு மூக்குக்கண்ணாடி மட்டும் இன்னும் எறங்கல."

"கம்பளி உம்ம தோள்லதான கெடக்கு? நீரு ஏன் பறக்கல?" என்றாள் தெக்லா.

"எனக்கு மண்டையில அறிவு கனம். அது அமுக்கி வச்சிருக்கு."

சொன்ன பெருமையில் எழுந்து, வண்டியில் ஏறி, ராஜா சிம்மாசனத்தில் உட்காருவது போல என் மீன் பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

மடார்!

கனம் என்று சொன்னது அந்த ஒன்றுதான் உண்மை போல. மூடி மூன்று துண்டாகி, பக்கச் சுவரும் விரிசல் விட்டது. அனல் காற்று நேராக உள்ளே போயிற்று. கீழே ஐஸ் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. எனக்குப் பொன்னுலிங்கம் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"எறங்கும் முதல்ல! கம்பளியைக் குடும்!"

அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளைக்குப் பரிசு! அதோட இது சூடுல்லா? போத்துனா ஐஸ் உருகி, மீனு வெந்துரும். இது சயின்ஸு!"

அதுவரை நக்கலடித்த தெக்லாவும், "ஆமாக்கா, கம்பளி சூடுதான? வேண்டாம்க்கா" என்றாள். ஜீப்பை நம்பாதவள், இதை நம்பினாள்.

எனக்கும் ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. ஆனால் முப்பது வருடமாக ஐஸ் கம்பெனி வாசலில் நிற்கிறேன். பாளத்தை மரத்தூளில் புதைத்து, சாக்குப் போட்டு மூடுவார்கள். மரத்தூளில் ஏது குளிர்? சாக்கில் ஏது குளிர்?

"கம்பளிக்குன்னு சொந்தமா சூடு கெடையாது அண்ணாச்சி. அது உள்ள உள்ளதை வெளிய விடாது, வெளிய உள்ளதை உள்ள விடாது. நீரு போத்துனா உம்ம சூடு நிக்கும். ஐஸைப் போத்துனா அதோட குளிர் நிக்கும்" என்று சொல்லிப் பிடுங்கினேன். "பெட்டியை ஒடச்சது யாரு? பேசாம இரும்."

விரித்தபோது ஓரத்தில் தூத்துக்குடி ஜவுளிக்கடைச் சீட்டு புத்தம் புதிதாகத் தொங்கியது.

"பத்து வருசம் பனிமலையில கெடந்துச்சுன்னீரு?"

"அது... காத்துல வந்து ஒட்டிருக்கும்."

உடைந்த மூடியோடு சேர்த்துப் பெட்டியைக் கம்பளியால் சுற்றி, கயிறு போட்டுக் கட்டினேன். மரியதாஸ் வர இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரமும் இந்த மனிதர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி என் உயிரை எடுத்தார். "வேகுற வாசம் வருது பாரு. மெளகாத்தூள் இருந்தா இப்பமே போட்டுரு, கொழம்பா எறக்கிரலாம்." இரண்டு தடவை கயிற்றில் கை வைத்தேன். திறந்தால் அனல் உள்ளே போகும் என்று கையை இழுத்துக்கொண்டேன். மாதாவை எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று அவளுக்குத்தான் தெரியும்.

கோவில்பட்டியில் பந்தலுக்குப் பின்னால் பெட்டியை இறக்கியபோது மணி மூன்றாகப் போகிறது. பொன்னுலிங்கம் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். மேல் பாளம் கொஞ்சம் இளைத்திருந்தது, அவ்வளவுதான். அடியில் ஐஸ் கல்லு மாதிரிக் கிடந்தது. ஒரு மீனைத் தூக்கி, செவுளை விரித்துப் பார்த்தார். செக்கச் செவேல் என்று இருந்தது.

"அடுத்த மாசம் ரெண்டு கல்யாணம் இருக்கு. நீயே கொண்டாந்துரு" என்றார். எனக்குக் கண் கலங்கியது.

அதற்குள் சவரிபிச்சை நடுவில் புகுந்தார். "எல்லாம் என் கம்பளி! அதோட சூட்டைப் பாத்து ஐஸ் பயந்து, உருகக்கூடத் துணியாம அப்பிடியே நின்னுட்டு!"

பொன்னுலிங்கம் என்னைப் பார்த்தார். நான் கம்பளியை உருவிச் சவரிபிச்சையின் கையில் கொடுத்தேன். அடிப்பக்கம் தண்ணீர் சொட்டியது, சீலா வாசம் வேறு.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "ஐயோ, நனைஞ்சுல்லா போச்சு! இதை எப்பிடிப் பரிசா குடுப்பேன்? எப்பம் காயும்?"

"முன்னூறு பேருக்குச் சோறு பொங்குன கம்பளி" என்றேன். "தன்னைத் தானே காய வச்சுக்கிடாதா?"