நடுவருக்கு ஒரு கேள்வி

“ஒரு வெப்சைட் நல்லா இருக்குன்னு எதை வெச்சுச் சொல்றது, பர்வீன்?”

திருமாறன் இப்படிக் கேட்டபோது அவனுக்கு வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடமாக வெப்சைட் வடிவமைப்பதுதான் பிழைப்பு. அதற்காக ஒன்பது விருதுகள் வாங்கியவன்.

பர்வீன் அவனைவிட எட்டு வயது இளையவள். ஒரு காலத்தில் அவனுக்குக் கீழே வேலை பார்த்தவள். யாருக்கு வேலை எங்கே சிக்கி நின்றாலும் அந்த அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து அவள் மேசைக்குத்தான் போவார்கள். திருமாறனும் போயிருக்கிறான், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து. வெளியே சொன்னதில்லையே தவிர, மனசுக்குள் அவளைத்தான் குருவாக வைத்திருந்தான்.

இப்போது அவள் மாநகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், கணினிப் பிரிவில், ஒப்பந்த வேலையில் இருந்தாள்.

“ஒன்பது விருது வாங்கின நீங்க வந்து என்கிட்டக் கேக்கறீங்களே, சார்?”

“இந்த வருஷம் அந்த விருதுக்கு என்னை நடுவராப் போட்டுட்டாங்க. நூத்தி நாப்பது சைட். அத்தனைக்கும் மார்க் போடோணும்.”

“போடுங்க.”

“இருபது பார்த்துட்டேன். எல்லாமே பிரமாதமாத்தான் இருக்குது. ஒன்னுகூட மனசுல நிக்கல. கோளாறு அதுலயா, என் கண்ணுலயான்னு தெரியல.”

பர்வீன் அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது.

“ஒன்னைப் பார்த்து முடிச்சதும் என்ன செய்யறீங்க?”

“அடுத்ததைப் பார்க்கறேன்.”

“சரி” என்றாள்.

டீ வந்தது. குடித்தான். படியிறங்கும்போது அவனுக்குக் கோபம்கூட வந்தது. முன்பெல்லாம் இது தப்பு, அது அதிகம் என்று பட்டென்று சொல்லிவிடுவாள்.



முதல் விருது வாங்கிய அன்று திருமாறன் மும்பையிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தான். அப்பா நஞ்சப்பன் பம்பு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“எந்தக் கம்பெனி சைட்டுக்குடா குடுத்தாங்க?”

“ஷவர், குழாயெல்லாம் செய்யற கம்பெனிங்கப்பா.”

“அதைப் பார்த்து யாராச்சும் குழாய் வாங்குனாங்களா?”

திருமாறனுக்குத் தெரியவில்லை. அதை யாரும் அவனிடம் கேட்டதில்லை, விருது கொடுத்தவர்கள் உட்பட.

அடுத்தடுத்த விருதுகளை அப்பாவுக்குச் சொல்லத்தான் செய்தான். அவரும் சந்தோஷம் என்றார். ஏழாவதுக்குப் பிறகு இவன் சொல்வதை விட்டுவிட்டான்.



தினமும் காலையில் உட்கார்ந்தால் மாலைவரை சைட் பார்த்தான்.

ஒரு காபிக் கம்பெனிக்காரர்கள் திரை முழுக்கக் காபிக் கொட்டை உதிர விட்டிருந்தார்கள். முகவரியைக் கண்டுபிடிக்கப் பக்கத்தைப் பதினொரு முறை உருட்ட வேண்டியிருந்தது. ஒரு குடைக் கம்பெனியின் சைட்டில் மழை அவ்வளவு அழகாகப் பெய்தது, குடைதான் தெரியவில்லை. ஒரு ஆஸ்பத்திரியின் சைட் திறந்ததும் இதயம் துடிக்கும் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் நம்பரைத் தேடினான். கிடைக்கவில்லை.

மூன்றுக்கும் நல்ல மார்க்தான் போட்டான். போன வருஷம் அவனும் அப்படி ஒன்றைச் செய்துதான் மேடையேறியிருந்தான்.

இடையில் இன்னொரு நடுவர் கூப்பிட்டார்.

“மாறன், அறுபத்தேழாம் நம்பரைக் கொஞ்சம் பார்த்துக்குங்க. நம்ம பசங்க பண்ணது.”

“பார்க்கறேன்.”

“உங்களுக்குப் போன வருஷம் நாங்க பார்த்தோம்ல.”

போனை வைத்த பிறகு திருமாறன் அந்த நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தான். விருது கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் அதே முப்பது நாற்பது பேர்தான். வருடா வருடம் இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறார்கள். இதெல்லாம் அவனுக்குப் புதிதாகத் தெரிந்த சேதி இல்லை. ஆனால் இன்றைக்கு அதை நினைக்கவே அலுப்பாக இருந்தது.

அறுபத்தேழாம் நம்பருக்குப் புதுமையில் பத்துக்கு எட்டு போட்டான்.



தொண்ணூற்று மூன்றாவது சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள். வியாழக்கிழமை, காலை எட்டரை மணி.

“மாறா, அப்பா எந்திரிக்க மாட்டேங்கறாரு.”

அவன் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

வீட்டில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். நாற்காலி வந்தது. கண்ணாடிப் பெட்டி வந்தது. சித்தப்பா செல்லமுத்து அவனைத் தனியாக அழைத்துப் போனார்.

“மின்மயானத்துல நேரம் வாங்கோணும். முன்ன மாதிரி அங்க போய் நிக்க வேண்டியதில்லையாமா. போன்லயே பண்ணிக்கலாம்ங்கறாங்க. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். பண்ணிடு.”

திருமாறன் மாடிப்படியில் உட்கார்ந்து மாநகராட்சியின் பக்கத்தைத் திறந்தான்.

உடனே திறந்தது. விவரம் கேட்டு மூன்றே பெட்டிகள். நிரப்பினான்.

அடுத்து, அன்றைக்குக் காலியாக இருந்த நேரங்கள் வந்தன. இரண்டு மணி, நாலு மணி, ஐந்தரை. அவற்றின் கீழே ஒரு வரி இருந்தது: ‘வெளியூரிலிருந்து யாராவது வர வேண்டுமானால் மாலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றவும் செய்யலாம்.’

தங்கை மைசூரிலிருந்து வர வேண்டும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஐந்தரையைத் தொட்டான்.

‘பதிவாகிவிட்டது. வண்டி ஓட்டுநரே உங்களைக் கூப்பிடுவார். இனி நீங்கள் போனைப் பார்க்க வேண்டியதில்லை.’

திருமாறன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு உள்ளே போனான்.

மாலைவரை அப்பாவின் பக்கத்திலேயே இருந்தான். அப்பாவின் வலது கட்டைவிரலில் பாதி நகம்தான் இருந்தது. வேலை செய்யும்போது என்றைக்கோ இயந்திரத்தில் போனது. பார்த்திருக்கிறான், ஆனால் இவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தது இல்லை. எப்போது நடந்தது என்று அம்மாவிடம் கேட்டான். “நீ பொறந்த வருஷம்” என்றாள் அம்மா. அதிலிருந்து தொடங்கி, அழுதுகொண்டே நிறையச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

நாலரை மணிக்குத் தங்கை வந்து சேர்ந்தாள்.



பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் கம்ப்யூட்டரைத் திறந்தான். விருதுக்குழுவிடமிருந்து ஆறு மெயில் வந்திருந்தது. எல்லாம் ஒரே சேதி. மீதி மார்க் எங்கே?

மதிப்பெண் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டான். புதுமைக்குப் பத்து. வண்ணத்துக்குப் பத்து. பார்க்க வந்தவரை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்பதற்கு இருபது.

அந்தக் கடைசி வரியிலேயே கண் நின்றது.

மயானத்தின் பக்கம் ஞாபகம் வந்தது. அது என்ன நிறத்தில் இருந்தது என்று யோசித்தான். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. இருபத்திரண்டு வருடத் தொழில், அவனுக்கே அது விசித்திரமாக இருந்தது. மறுபடி திறந்து பார்த்தான். வெள்ளைத் தரையில் கறுப்பு எழுத்து. ஒரு படம்கூட இல்லை. செய்தவர் பெயரைத் தேடினான். மாநகராட்சி போன் நம்பர்தான் இருந்தது.

மாநகராட்சியில் இதைச் செய்யக்கூடிய ஒரே ஒருத்தியைத்தான் அவனுக்குத் தெரியும்.

நடுவர்கள் ஆளுக்கு ஒரு சைட்டைத் தாங்களாகவே பரிந்துரை செய்யலாம் என்று விதி இருந்தது. அதற்கான படிவத்தை அச்செடுத்துக்கொண்டு கிளம்பினான்.



“இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, பர்வீன். மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்.”

“எதுக்குங்க சார்?”

“மயானத்து சைட்டுக்கு. நீங்க பண்ணதுதானே?”

அவள் தலையசைத்தாள். பிறகு அவனுடைய மழிக்காத தாடியைக் கவனித்தாள்.

“யாருங்க சார்?”

“அப்பா.”

பர்வீன் எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்து, அவன் கொடுத்த படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தாள்.

“வந்தவரை எவ்வளவு நேரம் பிடிச்சு வைக்குதுன்னு கேட்டிருக்காங்க. நீங்க எவ்வளவு நேரம் இருந்தீங்க?”

“ஒன்றரை நிமிஷம் இருக்கும்.”

“அப்ப இருபதுக்கு எவ்வளவு போடுவீங்க?”

திருமாறன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

ஆனால் பர்வீன் அதைக் கவனிக்கவில்லை. அவள் நெற்றி சுருங்கியிருந்தது.

“ஒன்றரை நிமிஷம் ஏன் ஆச்சுங்க சார்? ஒரு நிமிஷத்துல முடியற மாதிரித்தானே பண்ணியிருந்தேன். எங்க நின்னீங்க?”

இந்தப் பதினேழு நாளில் எவ்வளவோ பேர் வந்து எவ்வளவோ கேட்டிருந்தார்கள். இதை யாரும் கேட்கவில்லை.

“முதல் பெட்டியில” என்றான். “இறந்தவர் பெயர்னு போட்டிருந்துச்சு. அதுல அப்பா பேரை அடிக்க… விரல் வரல.”

பர்வீன் படிவத்தை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ‘இறந்த’ வரைக்கும் அழித்தாள். ‘வர் பெயர்’ என்று மிச்சம் நின்றது. அதற்கு முன்னால் ஓர் ‘அ’ போட்டாள்.

அவர் பெயர்.

கீபோர்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“இப்பப் பாருங்க, சார்.”

திருமாறன் நஞ்சப்பன் என்று அடித்தான்.