எதிர்பார்க்கும் விடை

கல்வியியல் கல்லூரி ஒன்றில் பிளாரன்ஸ் என்றொரு பேராசிரியை இருந்தார். பருவநிலை மாற்றத்தை அவர் வகுப்பறையில் நடத்துவதில்லை. நாளைக்கு வாத்தியாராகப் போகிறவர்களை வேனில் ஏற்றி, அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவதுபோல எங்காவது கூட்டிப்போவார். வற்றிய குளம், கைவிட்ட உப்பளம் என்று இடம் மாறும், விதி மாறாது. ஒரே ஒரு பொருளின் முன்னால் அரை மணி நேரம் நிற்க வேண்டும். குறிப்பெடுக்கக் கூடாது. அந்த ஊர் ஆள் ஒருவர்தான் வழிகாட்டி. அவரிடம் கேட்கலாம், அவருக்குப் பாடம் நடத்தக் கூடாது.

பிளாரன்ஸிடம் படித்த ஆறுமுகநயினார் பேராசிரியையைவிட மூன்று வயது மூத்தவர். பதினைந்து வருஷம் கம்பெனி வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசையில் வந்து சேர்ந்தவர். ஆள் கெட்டிக்காரர். அது அவருக்கே தெரியும் என்பதுதான் கோளாறு.

திங்கட்கிழமை புன்னைமுனை என்ற கடற்கரை ஊரில் ஐந்தாம் வகுப்புக்கு அவர் பாடம் எடுக்க வேண்டும். கடல் வருஷாவருஷம் உள்ளே வந்துகொண்டிருக்கும் ஊர் அது. பாடக்குறிப்பு எழுதி முடித்துவிட்டார். பயிற்சிக் கல்லூரி வழக்கப்படி இடப்பக்கம் வாத்தியார் கேட்கும் கேள்வி, வலப்பக்கம் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கும் விடை. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும் முன்பே அவர்கள் பேசப்போவதை எழுதிவைப்பது இந்தத் தொழிலில் தப்பில்லை. அதற்கு மதிப்பெண்ணே உண்டு. கடைசிக் கேள்வி, நாம் என்ன செய்ய வேண்டும். எதிர்பார்க்கும் விடை, மரம் நட வேண்டும்.

எழுதினாரே தவிர மனசு ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை பேராசிரியையிடம் போனார்.

"வீட்டைக் கடலுக்குக் குடுத்த பிள்ளைங்க மேடம். அதுங்க பயப்படாம இந்தப் பாடத்தை எப்படி முடிக்கிறது?"

"நாளைக்கு வேன் அங்கதான் போகுது. வாங்க," என்றார் பிளாரன்ஸ்.

மறுநாள் மற்றவர்களை ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிட்டு, ஆறுமுகநயினாரை ஒரு சுவரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கூரை இல்லை. மற்ற மூன்று சுவரும் இல்லை. நின்றிருந்த சுவரில் கரும்பலகைக்குப் பூசிய கறுப்பு மட்டும் போகாமல் இருந்தது. அலை அதன் அடிவரை வந்து திரும்பியது. பழைய பள்ளிக்கூடத்தில் மிச்சம் அவ்வளவுதான்; இப்போது பள்ளி ஊருக்குள்ளே தகரக் கொட்டகையில் நடக்கிறது.

வழிகாட்டி, ஐந்தாம் வகுப்பு ஜெனிபா. சுவரைத் தொட்டு, இது மூணாப்பு என்றாள். ரெண்டாப்பைக் காட்டத் தண்ணீரின் பக்கம் கையை நீட்டினாள். ஒண்ணாப்பு இன்னும் தள்ளி, ஒரு படகு ஆடிக்கொண்டிருந்த இடத்தில். வந்தவர்களுக்குக் காட்டிக் காட்டிப் பழகிய குரல்.

ஆறுமுகநயினார் ஏதாவது சொல்லித் தேற்ற நினைத்தார். வாயில் வந்தது பாடக்குறிப்பின் கடைசிக் கேள்விதான்.

"நாம என்ன செய்யணும் பாப்பா?"

"மரம் நடணும் சார்."

யோசிக்கவே இல்லை. எழுதிவைத்தது அப்படியே வந்ததில் ஒரு நொடி அவருக்குச் சந்தோஷம்கூட வந்தது. வாத்தியார் புத்தி அதற்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"போன வருஷம் வந்த சாரும் இதத்தான் கேட்டாவ. அதுக்கு முந்தி வந்த டீச்சரும் கேட்டாவ. இருவது கன்னு கொண்டாந்து நட்டோம்."

எங்கே என்று கேட்டார். சுவருக்கும் படகுக்கும் நடுவில் தண்ணீரைக் காட்டினாள்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்தது. "நீங்க சரியாத்தான் கேட்டீய சார்," என்று தேற்றினாள்.

 பிறகு, தானும் ஒன்று கேட்கலாமா என்றாள். தலையாட்டினார். அவர் எந்த ஊர் என்று கேட்டாள். மேற்கே, மலையடிவாரம் என்றார். கடல் எவ்வளவு தூரம்? பஸ்ஸில் மூன்று மணி நேரம். அவள் அந்தத் தூரத்தை நன்றாக யோசித்துப் பார்த்தாள்.

"அங்க எங்களுக்கு வீடு தருவாவளா சார்?"

ஆறுமுகநயினாரின் வீட்டு மாடி ஏழு மாதமாகக் காலியாகக் கிடந்தது. நடுவில் ஒரு கடற்கரைக் குடும்பம், இருந்த வீடு கடலில் போய், பிள்ளைகளோடு வந்து வாடகைக்குக் கேட்டது. மீன் சமைக்கிறவர்களுக்கு இந்தத் தெருவில் வீடு கொடுக்கும் வழக்கம் இல்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியவர் அவர்தான். மரியாதையாகத்தான் சொன்னார். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

இப்போது அது நினைவுக்கு வந்து அவருக்கு வெட்கமாக இருந்தது. பேராசிரியையின் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு என்ன மேடம் விடை?"

"அவ என்னையக் கேக்கல சார்," என்றார் பிளாரன்ஸ். "உங்களைக் கேட்டுட்டு நிக்கா."