தலைவர் வீட்டு டம்ளர்

இரண்டு மாதமாக வெள்ளத்தாய்க்கு உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. மடத்துக்கு வந்த பிறகும் வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். பத்து வருஷமாக அமாவாசை தவறாமல் வருகிற சிஷ்யை. மடத்துச் சாமி அவளைவிட இருபது வயது இளையவர். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“சாமி, நாளைக்கு அந்தக் கறையைத் துடைச்சிடப் போறேன்” என்றாள் கடைசியில்.

“எந்தக் கறை?”

கொட்டித் தீர்த்தாள். தலைவர் வீட்டில் முப்பத்திரண்டு வருஷ வேலை. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று தலைவருக்கே தெரியாது, இவளுக்குத் தெரியும். அவர் காலமானதும் வீடு நினைவில்லமாயிற்று. கூட்டிப் பெருக்க இவளையே வைத்துக்கொண்டார்கள். அவர் கடைசியாகக் காபி குடித்த எவர்சில்வர் டம்ளர் இந்த இரண்டு மாதமாகக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. விளிம்பில் உதடு பட்ட காபிக் கறை. வருகிற சனமெல்லாம் அதைப் பார்த்துக் கண்கலங்கிக் கும்பிடுகிறது.

“அது என் வாய் சாமி! அவர் அண்ணாந்துதான் குடிப்பார். பாதி குடிச்சிட்டு வெச்சிடுவார். மிச்சத்தை அடுப்படியில நின்னு நான் குடிப்பேன். அந்த வீட்டுல எனக்குன்னு ஒரு டம்ளர் கிடையாது. அன்னிக்கும் குடிச்சேன். கழுவுறதுக்குள்ள அவர் சாஞ்சுட்டார்.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“சொன்னா வேலை போயிடும். சொல்லாட்டி, தெரியாம என் எச்சிலைக் கும்பிடுதுங்க. அந்தப் பாவம் என்னைச் சும்மா விடுமா? துடைச்சிடறேன். தெரிஞ்சு விரட்டினா விரட்டட்டும்.”

சாமி கீரையைத் தள்ளி வைத்தார்.

“எங்க போனாலும் அவர் அண்ணாந்துதான் குடிப்பாரா?”

“ஆமா” என்றவள் நடையை நிறுத்தினாள். “இல்லை... கூட்டத்துல சோடாவை வாய் வெச்சுத்தான் குடிப்பார். போட்டோ மாட்டியிருக்கு. தினமும் தூசி தட்டுறேனே.”

சாமி பக்கத்திலிருந்த செம்பை எடுத்தார். அண்ணாந்து பாதித் தண்ணீரைக் குடித்தார். மிச்சத்தை அவளிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டாள். குடிக்க முடியவில்லை. இத்தனை வருஷமும் அதை அவருடைய ஆசாரம் என்றுதான் நினைத்திருந்தாள்; எச்சில் படாமல் தனக்கென்று வைத்த பாதி என்று தோன்றியதே இல்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. செம்பை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “அப்போ நாளைக்கு நான் என்ன செய்யட்டும் சாமி?”

“உங்க டம்ளர் அம்மா. உங்க இஷ்டம்.”