கைக்கெட்டும் தூரம்

"குருவம்மா, ஒரே வார்த்தையில சொல்லுங்க. நான் செஞ்சது சரியா, தப்பா?"

கேட்ட இசக்கியம்மாளுக்கு ஐம்பது வயது. குரு தவமணிக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. குன்றடியில் இருந்த அந்தச் சிறு மடத்தில், சீடர்களில் பாதிப்பேரை 'அக்கா' என்றுதான் குரு கூப்பிடுவாள்.

"எதைச் செஞ்சீங்கக்கா?"

இசக்கியம்மாள் சேலையின் வலது இடுப்பு மடிப்புக்குள் கைவிட்டுத் துழாவினாள். ஒரு துப்பாக்கியை எடுத்துப் பாயில் வைத்தாள். மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் அடங்கிவிடும், அவ்வளவு சின்னது.

"லைசென்ஸ் இருக்கு," என்றாள் அவசரமாக. "குண்டைக் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தேன்."

கல்குவாரியை எதிர்த்த அவள் தம்பியை லாரி ஏற்றிக் கொன்றிருந்தார்கள். கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். மறுநாள் காலை டவுன் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். இவ்வளவும் குருவுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. அதை இசக்கியம்மாள் இப்போதுதான் சொன்னாள்.

"குவாரிக்காரன் ஆளு ஒருத்தன் தினமும் பஸ் ஸ்டாப்புக்கு எதுக்க நிக்கான். என்னைப் பார்த்துச் சிரிக்கான். வேற ஒண்ணும் பேசமாட்டான்."

குரு துப்பாக்கியைப் பார்த்தாள்.

"பெரிசா வாங்கியிருக்கலாமே அக்கா?"

"பெரிசு பீரோவுலதான் கெடக்கும். இடுப்புல சொருகிட்டு உட்கார முடியுமா, குனிய முடியுமா? இது எப்பவும் என்கூட வரும். யாருக்கும் தெரியாது. கூட வராத பெரிசைவிடக் கூட வர்ற சிறிசு மேல் இல்லையா?"

"மேல்தான்."

குரு இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது இசக்கியம்மாளுக்குப் பிடிக்கவில்லை. எதிர்க்கட்சியையும் தானே பேச ஆரம்பித்தாள்.

"ஆனா பிடிக்க இடம் பத்தாது. ரெண்டு விரல்தான் நிக்குது. சுட்டா மீன் மாதிரித் துள்ளுது. சுட்டுப் பழகுற இடத்துல தள்ளி நின்னு சுட்டேன், குறி அட்டையில படவே இல்லை. கிட்டப் போய்ச் சுட்டாப் படுது."

"எவ்வளவு கிட்ட?"

"கைக்கெட்டும் தூரம்."

குரு எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள்.

"அதைப் பழையபடி சொருகுங்க. இப்ப நான்தான் அவன். வாரேன்."

நடந்துதான் வந்தாள். ஓடக்கூட இல்லை. இசக்கியம்மாள் முந்தானையை விலக்கி, மடிப்பைத் தளர்த்தி, துப்பாக்கியின் பிடியைத் தொட்டபோது, குருவின் மூக்கு அவள் மூக்கை இடித்தது.

"சேலைதாங்க தடுக்குது!" என்று கத்தினாள் இசக்கியம்மாள். "பேன்ட் போட்டவனை நெனச்சு இதைச் செஞ்சிருக்கான். பொம்பளைக்குன்னு எவன் யோசிச்சான்?"

"உண்மைதான்."

"சும்மா சும்மா உண்மைன்னு சொல்லாதீங்க! ஸ்டேஷன்ல பாதுகாப்பு கேட்டேன். 'உனக்கெதுக்கும்மா இந்தச் சாட்சியெல்லாம்'னு கேக்காங்க. கொன்னவன் நிழல்ல நின்னு டீ குடிக்கான். பார்த்தவ நான் பயந்து நடக்கணும். இதுல நீங்களும் என்னை வெறுங்கையோட போய்ச் சாகச் சொல்றீங்களா?"

"நான் எங்கக்கா சொன்னேன்? கொண்டு போங்க."

"கொண்டுதான் போவேன். கோர்ட்டுக்குள்ள விடமாட்டாங்க, கேட்லயே வாங்கி வச்சிருவாங்க. வழிக்குத்தான் இது. இனிமே கையை அது மேலயே வச்சிருப்பேன்."

"வைங்க."

சண்டை பிடிக்க ஆள் கிடைக்காத கோபத்தோடு அவள் வெளியே போய்க் குண்டைப் போட்டுக்கொண்டாள்.

உச்சிப் பூசை முடிந்து குரு விபூதித் தட்டோடு வந்தாள். இசக்கியம்மாளின் கூட்டாளி பேச்சியம்மாள் வாங்கிப் பூசிக்கொண்டாள். அடுத்து இசக்கியம்மாள் கையை நீட்டினாள்.

இடது கை.

குரு விபூதியைப் போடவில்லை. தட்டோடு நின்றாள்.

"ஏட்டி, விபூதிக்குப் பீச்சாங்கையையா நீட்டுவாக?" என்றாள் பேச்சியம்மாள். "சோத்துக்கைக்கு என்ன, லீவா?"

சிரித்துக்கொண்டே அவள் தோளில் கைபோட வந்தாள். இசக்கியம்மாள் சட்டென்று விலகினாள்.

பேச்சியம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"பாத்தீங்களா குருவம்மா? கொஞ்ச நாளா இப்பிடித்தான். பக்கத்துல போனாத் தீப்பட்ட மாதிரி ஒதுங்குதா. பஸ்ஸுலகூடத் தனியா நிக்கா. நான் என்ன தப்பு பண்ணேன்னு கேட்டாச் சொல்லவும் மாட்டேங்கா."

இசக்கியம்மாள் குனிந்து தன் வலது கையைத் தேடினாள். அது இடுப்பில் இருந்தது. எப்போது போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

குரு ஒரு சிட்டிகை எடுத்து, தானே அவள் நெற்றியில் பூசினாள்.

மறுநாள் கோர்ட்டுக்காக அன்று சாயங்காலமே இசக்கியம்மாள் டவுனுக்குக் கிளம்பியபோது குருவும் செருப்பை மாட்டினாள்.

"நீங்க எதுக்கு குருவம்மா?"

"காத்தாட."

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, டீக்கடை ஓரத்தில் அவன் நின்றிருந்தான். சிரித்தான்.

இசக்கியம்மாளின் வலது பக்கம், தோள் உரச நடந்து வந்தாள் குரு.

"கொஞ்சம் தள்ளி வாங்க குருவம்மா. கை எடுக்க இடம் வேணும்."

"எவ்வளவு தள்ளி?"

"என் கைக்கு எட்டாம."

குரு விலகினாள். "போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் விலகி, சாலையோரத்துப் புழுதியில் நின்றுகொண்டு குரு கேட்டாள்.

"குண்டு படணும்னா அவன் எங்க வரணும்?"

"அவனா? அவன் கைக்கெட்டும்..."

இசக்கியம்மாள் இடுப்பிலிருந்த தன் கையைப் பார்த்தாள்.

சாலைக்கு அந்தப் பக்கம் நின்றவனைப் பார்த்தாள். புழுதியில் நின்ற குருவைப் பார்த்தாள்.

பஸ் வந்தது.

அவள் முதலில் ஏறி, இடது வரிசையில் சன்னலோரம் உட்கார்ந்தாள். வலது கையால் பக்கத்து இடத்தைத் துடைத்தாள்.

"உட்காருங்க குருவம்மா," என்றாள்.