மரநாய்க்குக் குரல் கொடுத்தவன்

“பத்து நாளாக் கூப்பிடுதேன் தாயி. ஒண்ணும் வரமாட்டேங்கு” என்றான் சொள்ளமுத்து.

கொப்பாயி முயல் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எதை வச்சுக் கூப்பிடுதீரு?”

அவன் மடியிலிருந்து ஓலைப் பீப்பியை எடுத்து ஊதிக் காட்டினான்.

அவள் அதைக் கேட்டு வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். அடுப்பில் போட்டாள்.

“கல்யாண வீட்டுக்கு இது போதும் அண்ணாச்சி. மாப்பிள்ளை வருவான். மரநாய் வராது.”

சொள்ளமுத்து பனையேறி. நாற்பத்தாறு வயது. கொப்பாயிக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் அந்தச் செம்மணல் தேரிக்காட்டில், மிருகத்தைக் குரலால் வரவழைத்து அடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பிழைப்புக்காகக் கற்க வந்தவன் குருவின் வயதைக் கேட்பதில்லை.

அவன் ஏறிய பனைகள் பதினெட்டு. பதினெட்டும் பண்ணையுடையவை. அவன் கட்டிவிட்டு இறங்கும் கலயங்களில் இரவோடு இரவாக மரநாய் ஏறிப் பதனீரைக் குடித்துவிடும். காலையில் ஒன்றுவிட்டு ஒரு கலயம் பாதியாக இருக்கும்.

பண்ணை ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஆனி பிறப்பதற்குள் மரநாயை ஒழிக்க வேண்டும். இல்லையென்றால் மரங்கள் வேறு ஆளுக்கு.

மரம் போனால் குடிசையும் போகும். குடிசை நின்ற மண்ணும் பண்ணையுடையது.

மரநாய் குடித்தது கால்வாசி. பண்ணை எடுத்துக்கொண்டது பாதி. பண்ணையை வரவழைத்து அடிக்கும் வித்தையை அந்தச் சீமையில் எந்தக் குருவும் கற்றுத் தருவதில்லை.

ஆகவே அவன் மரநாயை அடிக்கக் கற்க வந்தான்.

ஆனி பிறக்கப் பதினைந்து நாள் இருந்தது.

“புறங்கையை வாயில வையும்” என்றாள் கொப்பாயி. “உதட்டை ஒட்டி உறிஞ்சும். மெள்ள.”

அவன் உறிஞ்சினான். கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

“இது என்ன?”

“மரநாய்க்குட்டி.”

“எதுக்கு அழுது?”

அவன் விழித்தான். “குட்டின்னா அழத்தானே செய்யும்?”

“எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு வாரும்.”

அவள் தோலைச் சுரண்டப் போய்விட்டாள்.

மறுநாள் வந்தான்.

“பசிச்சு அழுது தாயி.”

“கூப்பிடும்.”

ஓடைக்கரையில் ஏறாப் பனை ஒன்று நின்றது. அதன் கழுத்தில் தொங்கிய காய்ந்த ஓலைகளுக்குள் பகலில் ஒரு மரநாய் தூங்கும். அவன் பனைக்குக் கீழே உட்கார்ந்து கூப்பிட்டான். சூரியன் உச்சிக்கு வரும்வரை கூப்பிட்டான்.

ஓலை அசையவில்லை.

“உம்ம சத்தத்துக்கு அது இன்னும் நல்லாத் தூங்குது” என்றாள் கொப்பாயி. “பசிச்ச குட்டி இந்த நாட்டுல எம்புட்டோ அழுது அண்ணாச்சி. யாரு வாரா?”

மூன்றாம் நாள் வந்தான்.

“மரத்துலேருந்து விழுந்து அழுது.”

“விழுந்தது எந்திரிக்கும். தாய் வராது.”

ஐந்தாம் நாள் வந்தான்.

“நாய் கவ்வி அழுது.”

அன்று ஓலை அசைந்தது. ஒரு மூக்கு தெரிந்தது. திரும்ப உள்ளே போய்விட்டது.

“பாத்தியா தாயி!”

“பாத்தேன். அதுவும் உம்மப் பாத்துட்டு. கவ்வின நாயி இந்த அண்ணாச்சிதான்னு தெரிஞ்சுக்கிட்டு.”

அவன் இடது கையில் அரிவாள் இருந்தது.

கொப்பாயி அதை வாங்கிப் புதரில் எறிந்தாள். பிறகுதான் வேட்டையின் முறையைச் சொன்னாள்.

கூப்பிடுகிறவன் வெட்டவெளியில் உட்கார வேண்டும். இரண்டு கையும் வெறுங்கையாக இருக்க வேண்டும். அடிக்கிறவள் பின்னால், மறைவில், எறிகிற வளைதடியோடு இருப்பாள். அவள் வாயைத் திறக்கக் கூடாது. வந்தது பக்கத்தில் வந்தபிறகும் கூப்பிடுகிறவன் கண்ணை மூடக் கூடாது.

“ஏன் தாயி, கூப்பிடுறவனே அடிச்சா என்ன?”

“சில பேரு அப்படியும் செய்தாவ. நான் செய்யமாட்டேன்.”

“ஏன்?”

“நாளைக்கு வரும்போது குளிச்சிட்டு வாரும். கருப்பட்டி வாசம் அடிக்கு.”

அதன்பிறகு மூன்று நாள் அவன் வரவில்லை.

நான்காம் நாள் வந்தான். எதுக்கு அழுது என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஓடைக்கரைப் பனைக்குப் போனார்கள். வெளியில் உட்கார்ந்தான். புறங்கையை வாயில் வைத்தான்.

குரல் எழுந்தது.

எழுந்து, முறிந்தது. மூச்சுக்கு நின்றது. மறுபடி எழுந்தது. இந்த முறை கொஞ்சம் சின்னதாக. முடியும் இடத்தில் முடியாமல், இன்னும் யாரையோ எதிர்பார்த்து நின்றது.

புதரின் மறைவில் கொப்பாயிக்கு மயிர் சிலிர்த்தது.

ஓலைகள் சடசடத்தன. பட்டப்பகலில், தலைகீழாக, பனையைப் பற்றிக்கொண்டு மரநாய் இறங்கியது. கரிய முகம். நீண்ட வால். மண்ணில் குதித்ததும் ஓடி வந்தது. மனித வாடை அதற்கு எட்டியிருக்கும். நிற்கவில்லை. அவன் முழங்காலைச் சுற்றிச் சுற்றி மோந்தது.

வளைதடி வந்தது.

முடிந்தது.

கொப்பாயி நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வேட்டைக்காரி. அன்று தன் கைகளை மண்ணில் துடைத்தாள். ரத்தம் இல்லை. ஆனாலும் துடைத்தாள்.

“இப்படி ஒண்ணு வந்து நான் பாத்ததில்ல.”



நான்கு நாளில் ஐந்து மரநாய் விழுந்தன. ஒவ்வொன்றும் ஓடி வந்தே விழுந்தது. பண்ணை ஆள் வந்து கலயங்களைப் பார்த்தான். பதினேழு நிறைந்திருந்தன. ஒன்று மட்டும் பாதி.

“இன்னும் ஒண்ணு இருக்கு போல. நாளைக்கு ஒரு நாள்தான்” என்றான். குரங்கிடம் பேசுகிறவனைப் போலப் பேசிவிட்டுப் போனான்.

ஐந்தாவது மரநாயைக் கம்பில் தொங்கவிட்டு இருவரும் தேரியில் நடந்தார்கள். சிவந்த மணல் காலைச் சுட்டது.

“அண்ணாச்சி.”

“சொல்லு தாயி.”

“எங்க பிடிச்சீரு அந்தச் சத்தத்த?”

“எதுக்கு அழுதுன்னு கேட்டியே.”

“ஆமா.”

“யாரும் வரலியேன்னு அழுது.”

“எந்தக் குட்டி?”

“எங்க வீட்டுக் குட்டி.”

கொப்பாயி நின்றுவிட்டாள்.

அவன் சொன்னான். சந்தை விலை சொல்வதைப் போலச் சொன்னான்.

ஏழு மாதப் பெண் குழந்தை. காய்ச்சல். வைத்தியர் இருந்தது எட்டு மைல் தள்ளி. வண்டி இருந்தது ஒன்றே ஒன்று. அது பண்ணை வீட்டு மேளக்காரர்களை ஏற்றிவரப் போயிருந்தது. அவன் பண்ணை வாசலில் நின்றான். நிற்கச் சொன்னார்கள். காலையிலிருந்து மத்தியானம்வரை நின்றான்.

நில் என்றால் நிற்பது. அவனைப் போன்றவர்களுக்கு அந்தச் சீமையில் முதலில் கற்பிக்கப்படும் பாடம் அது. அதை அவன் நன்றாகவே கற்றிருந்தான்.

வீடு திரும்பியபோது குழந்தையிடம் இன்னும் கொஞ்சம் குரல் மிச்சம் இருந்தது.

“அது காதுலயே நின்னுட்டு தாயி” என்றான். “நான் படிக்கல. அதுவா நின்னுட்டு.”

புதைத்த மூன்றாம் நாள்தான் மரநாயை ஒழிக்கச் சொல்லிப் பண்ணை ஆள் வந்தது.

கொப்பாயி கம்பைத் தோளிலிருந்து இறக்கினாள். மரநாய் மணலில் விழுந்தது.

“இனி அந்தச் சத்தம் வேண்டாம்.”

“நீதானே நெசமான சத்தம் வேணும்னு கேட்ட?”

“கேட்டேன். இதைக் கேக்கல.”

“இன்னும் ஒண்ணுதான் தாயி. ஒண்ணே ஒண்ணு. மரம் போச்சுன்னா வீடு போச்சு. வீட்டுல பொண்டாட்டி கெடக்கா. அவளத் தூக்கிட்டு எங்க போவேன்?”

“மதினி இப்ப என்ன செய்தா?”

“செவுத்தப் பாத்துக் கெடக்கா. பேசல. அழல. சோறு வச்சா வச்ச இடத்துல இருக்கு. ‘ஏ சிவனணைஞ்சா, ஏ சிவனணைஞ்சா’ன்னு நாளெல்லாம் கூப்பிடுதேன். திரும்ப மாட்டேங்கா.”



மாட்டேன் என்று கொப்பாயி சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் குடிசையை இதுவரை மூன்று முறை பிரித்து எறிந்திருக்கிறார்கள். வீடு போவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

“கடைசிப் பனை எங்க?”

“எங்க குடியிருப்புக்குப் பின்னால நிக்கு. மொட்டைப் பாறைக்குப் பக்கத்துல.”

“ஆள் நடமாட்டம் இருக்குமே?”

“வெயிலேறினா எல்லாரும் கருப்பட்டி காய்ச்சப் போயிருவாவ.”

“ஒருத்தரும் இருக்கமாட்டாவளா?”

“ஒருத்தரும் இல்ல தாயி.”

மறுநாள் வெயிலேறும்வரை காத்திருந்தார்கள்.

குடியிருப்பு அரவமற்றுக் கிடந்தது. ஒரு கோழி மட்டும் மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. தூரத்தில் கருப்பட்டி காய்ச்சும் புகை எழுந்தது. பனைக்கு எதிரே வெட்டவெளியில் சொள்ளமுத்து உட்கார்ந்தான். இரண்டு கையும் வெறுங்கை. பின்னால் உடைமரப் புதரின் மறைவில் கொப்பாயி வளைதடியோடு குந்தினாள்.

அவன் கூப்பிட்டான்.

மேலே காய்ந்த ஓலைகள் அசையவில்லை.

மறுபடி கூப்பிட்டான். ஓலைகளுக்குள் ஏதோ புரண்டது. இறங்கவில்லை. அது கிழட்டு மரநாயாக இருக்கலாம். ஏற்கெனவே பலதைக் கேட்டிருக்கலாம்.

காற்று நின்றது. பனையோலைச் சலசலப்பும் நின்றது.

சொள்ளமுத்து கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே மூன்றாம் முறை கூப்பிட்டான். இதுவரை அவன் அந்தக் குரலின் கடைசிப் பகுதியை எந்த மிருகத்துக்கும் கொடுத்ததில்லை. வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியபோது கேட்ட பகுதி அது. இப்போது அதைக் கொடுத்தான்.

வலதுபக்கம் முள்ளுக்குள் சடசடவென்று சத்தம்.

பனையிலிருந்து அல்ல. தரையிலிருந்து.

ஓடி வந்தது. முள் ஒடிந்தது. மரநாய்க்கு இவ்வளவு கனம் கிடையாது. காட்டுப்பன்றி என்று நினைத்தாள் கொப்பாயி. எழுந்தாள். கை பின்னால் போனது. தடி விரல்களைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் மணிக்கட்டு தானாக நின்றது.

பெண்.

ஒரு மாதமாக எண்ணெய் காணாத தலை அவிழ்ந்து கிடந்தது. சேலை முள்ளில் மாட்டியது. அவள் நின்று எடுக்கவில்லை. அது கிழிந்து முள்ளிலேயே தங்கியது.

ஓங்கிய தடியை அவள் பார்க்கவில்லை. வெட்டவெளியில் உட்கார்ந்திருந்த புருஷனையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

விழுந்து கிடந்த ஓலை ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். அடுத்ததைத் தூக்கிப் பார்த்தாள். பாறை இடுக்கில் கையை விட்டுத் துழாவினாள். பனையின் தூரைச் சுற்றி வந்தாள். மண்டியிட்டு மணலைத் தோண்டினாள். விரலில் ரத்தம் வந்தது. தோண்டினாள்.

“ஏட்டி” என்று சொல்ல நினைத்தான் சொள்ளமுத்து.

அவன் வாய் புறங்கையில் ஒட்டியே இருந்தது. எடுக்க முடியவில்லை. ஒரு சிறு கீச்சு, அவனை அறியாமலேயே, மூச்சோடு வெளியே வந்தது.

சிவனணைஞ்சாள் நிமிர்ந்தாள்.

முழங்காலாலேயே மணலில் நகர்ந்து அவனருகே வந்தாள். அவன் கையைப் பிடித்து வாயிலிருந்து இழுத்தாள். புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். எச்சில் ஈரம். அந்தக் கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்தாள். மற்றக் கையையும் விரித்துப் பார்த்தாள். பிறகு அவன் வாயைப் பார்த்தாள்.

“எங்க?” என்றாள்.

ஒரு மாதத்தில் அவள் பேசிய முதல் சொல்.

சொள்ளமுத்து பின்னால் திரும்பினான். புதரைப் பார்த்தான். குருவைப் பார்த்தான்.

கொப்பாயி தடியை மணலில் போட்டாள்.

“என்னைப் பாக்காதேயும் அண்ணாச்சி” என்றாள். “கூப்பிட்டது நீரு.”