புளியமர ஸ்டாப்பில் ஹாரன்

போலீஸ் ஸ்டேஷனில் குருவும் சீடனுமா என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஏட்டு வெள்ளைச்சாமியும் முதலில் சிரித்தவர்தான்.

ஆயுதப்படையிலேயே காலம் தள்ளியவர் அவர். மந்திரி வந்தால் வெயிலில் நிற்பது, மந்திரி போனால் நிழலில் உட்காருவது. தலை நரைத்த பிறகு மலையடிவாரத்துச் சின்ன ஸ்டேஷன் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஆய்வாளர் மரகதவல்லி. வெள்ளைச்சாமியைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர்.

சேர்ந்த அன்றைக்கே ஏட்டு ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"அம்மா, எனக்கு ஸ்டேஷன் வேலை ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

"தெரியாததைக் கேளுங்க ஏட்டையா."

கேட்டார். ஆனால் அந்த அம்மாவிடம் கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும்.

"பொய் சொல்றவனை எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்று ஒருநாள் கேட்டார்.

"சந்தைக்குப் போய் ரெண்டு கிலோ தக்காளி வாங்கிட்டு வாங்க."

வாங்கி வந்தார். பாதி அழுகல்.

"ஒரு அழுகல்கூட இல்லேன்னு சத்தியம் பண்ணான்மா, படுபாவி!"

"நீங்க அவன் மூஞ்சியைப் பாத்தீங்களா, தக்காளியைப் பாத்தீங்களா?"

வெள்ளைச்சாமி பையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அன்றிலிருந்து குரு, சீடன் என்ற பேச்சுக்கு அவர் சிரிப்பதை விட்டுவிட்டார்.

போலீஸ் குடியிருப்பில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. மகள் கல்யாணமாகி நாக்பூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள், மறந்தால் அடுத்த ஞாயிறு. வீட்டில் டி.வி. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு இல்லை, சத்தத்துக்கு. தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது என்று அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. கேட்கிற ஆளும் இல்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம். ஆய்வாளர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். தோளில் தோல்பையுடன் ஒரு கண்டக்டர் உள்ளே வந்தார். தாவூது என்று பெயர் சொன்னார். மலை ரோட்டில் ஓடுகிற டவுன் பஸ்ஸில் வேலை.

"சார், ஒருத்தரைக் காணோம்."

"யாரைக் காணோம்?"

"பேர் தெரியாது சார். கொஞ்சம் வயசானவர். புளியமர ஸ்டாப்பில ஏறுவார். தினமும் காலையில முதல் நடையில வருவார்."

"உங்களுக்கு அவர் என்ன வேணும்?"

"எனக்கு உறவெல்லாம் இல்ல சார். பஸ்ஸில வர்றவர், அவ்வளவுதான். நேத்தும் வரலை, இன்னைக்கும் வரலை."

"வேலைக்குப் போறவரா?"

"இல்ல சார். பஸ் ஸ்டாண்டில இறங்கி ஒரு டீ குடிப்பார். கொஞ்ச நேரம் ஆளுங்களைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார். அடுத்த நடையில திரும்பிருவார்."

"டீ குடிக்கவா பஸ் ஏறி வர்றாரு?"

"ஆமா சார்."

வெள்ளைச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யோவ், ஒருத்தர் ரெண்டு நாள் டீ குடிக்க வரலேன்னா காணாமப் போயிட்டாருன்னு அர்த்தமா? மக வீட்டுக்குப் போயிருப்பாரு. கோயிலுக்குப் போயிருப்பாரு."

"போறதா இருந்தா சொல்லிருவார் சார். அவர் மெதுவா நடந்து வருவார்னு எங்க டிரைவர் அந்த ஸ்டாப்பில ஹாரன் அடிச்சுக் கொஞ்சம் நிப்பாட்டுவாரு. எங்கயாவது போறதா இருந்தா, 'நாளைக்கு எனக்காக ஹாரன் அடிக்காதீங்க தம்பி'ன்னு முதல் நாளே சொல்லிட்டுத்தான் இறங்குவார்."

"இந்தத் தடவை மறந்திருப்பாரு."

"மறக்கிற ஆள் இல்ல சார். நேத்து டூட்டி முடிஞ்சு நானே போய்ப் பாத்தேன். உள்ள தோட்டத்துப் பாதை மூணாப் பிரியுது. எதில போறதுன்னு தெரியலை. கூப்பிட்டுப் பாக்கலாம்னா பேர் தெரியாது. என்னன்னு கூப்பிடுவேன்?"

"பேர் தெரியாது, ஊர் தெரியாது, உறவும் இல்ல. இதை நான் எப்படிய்யா புகாரா எடுக்கிறது? ஒரு நாள் பொறுங்க. சொந்தக்காரங்க யாராவது வருவாங்க. அப்பப் பாப்போம்."

தாவூது மணியைப் பார்த்தார். வெளியே பஸ் நின்றுகொண்டிருந்தது. படி இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஆய்வாளர் வந்து உட்கார்ந்ததும் வெள்ளைச்சாமி மேசைப் பக்கம் போய் நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகம். ஆளைக் காணோம்னு வந்தா எவ்வளவு நேரம் பொறுத்துத் தேட ஆரம்பிக்கணும்? ஒரு நாளா?"

"யாராவது வந்தாங்களா?"

"அதை ஏன் கேக்குறீங்க!" என்று சிரித்துக்கொண்டே கண்டக்டர் கதையைச் சொன்னார். டீ குடிக்கிற கதையைச் சொன்னார். ஹாரன் கதையையும் விடவில்லை. "எனக்காக ஹாரன் அடிக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போவாராம்மா. பெரிய ஜமீன்தாரு!"

மரகதவல்லி சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்தார்.

"சொல்லிட்டுப் போறவர் இந்தத் தடவை சொல்லலையா?"

"சொல்லலைன்னுதான்..." என்று ஆரம்பித்த வெள்ளைச்சாமிக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க."

மலை ரோட்டில் ஜீப் ஏறியது.

"ஏட்டையா."

"அம்மா."

"நாளைக்கு நீங்க காணாமப் போயிட்டா யாரு வந்து சொல்லுவா?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க! மக இருக்காளே."

"அவங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை." கொஞ்சம் யோசித்து, "சில ஞாயிறு பேச மாட்டா," என்றார்.

"நம்ம ஸ்டேஷன்ல?"

"லீவு போலன்னு நினைச்சுக்குவாங்க."

"வேற யாரும் இல்லையா?"

வெள்ளைச்சாமி வெளியே பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தார். மெஸ்ஸில் யார் பக்கத்தில் உட்காருவார்கள் என்று யோசித்தார்.

"குடியிருப்பு வாசல்ல ஒரு டீக்கடை இருக்கும்மா. என்னைத் தூரத்தில பாத்ததுமே சர்க்கரை போடாம ஒரு டீ எடுத்து வச்சிருவான். நான் வரலேன்னா அவனுக்குத்தான் முதல்ல தெரியும்."

"அவர் பேர் என்ன?"

"தெரியலைம்மா."

"உங்க பேர் அவருக்குத் தெரியுமா?"

"சர்க்கரை இல்லாத சார்னு கூப்பிடுவான்."

"அவர் வந்து புகார் குடுத்தா எடுத்துக்குவீங்களா?"

ஜீப் புளியமரத்தடியில் நின்றது.

புளியமர ஸ்டாப் என்றால் ஒரு மரமும் ஒரு கல்லும்தான். கடை கிடையாது, வீடு கிடையாது. தோட்டத்துப் பாதை உள்ளே போய் மூன்றாகப் பிரிந்தது. மூன்று பக்கமும் தென்னை.

வெள்ளைச்சாமி இறங்கி ஓடப் பார்த்தார்.

"நில்லுங்க," என்றார் மரகதவல்லி. டிரைவர் பக்கம் திரும்பினார். "ஹாரன் அடிங்க. நல்லா நீட்டி அடிங்க."

டிரைவர் அடித்தார்.

"இப்ப எஞ்சினை அணைங்க."

எஞ்சின் நின்றது. காற்றில் தென்னை ஓலை அசைகிற சத்தம் கேட்டது. வேறொன்றும் இல்லை. வெள்ளைச்சாமி அம்மாவைப் பார்த்தார். அம்மா அசையாமல் நின்றார்.

அப்போது கேட்டது. டங். கொஞ்சம் விட்டு இன்னொரு டங். தகரத்தில் கல்லால் தட்டுகிற சத்தம். பஸ் உறுமிக்கொண்டு நின்றால் அது எவன் காதிலும் விழாது.

"இடதுபக்கப் பாதை!" என்று கத்திக்கொண்டே வெள்ளைச்சாமி ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

தோப்புக்குள் ஒரு மோட்டார் ரூம். அதன் படிக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி அவர் கிடந்தார். தோட்டத்துக்குக் காவல்காரர். முதலாளி வெளியூர், மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப்பார்த்தால் அதிசயம். திங்கட்கிழமை சாயங்காலம் மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்கும்போது படியில் வழுக்கி விழுந்திருக்கிறார். கால் ஒடிந்து, எலும்பு வெளியே தெரிந்தது. காயத்தில் எறும்பு மொய்த்திருந்தது. தொட்டித் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். கைக்கு எட்டிய தகர டின் நசுங்கிப்போயிருந்தது.

"ஐயா... ஐயா, பேரு என்ன?" வெள்ளைச்சாமி மண்டியிட்டுக் கேட்டார்.

உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"நாச்சியப்பன்," என்றார். அப்புறம், "பஸ் போயிருச்சா?" என்றார்.

ஜீப்பில் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். தலை வெள்ளைச்சாமியின் மடியில் இருந்தது. வழியெல்லாம் கிழவர் நினைவு வரும்போது பேசினார்.

"செவ்வாக்கிழமை ஹாரன் அடிச்சாங்க. தட்டினேன். போயிட்டாங்க. நேத்தும் அடிச்சாங்க. இன்னைக்கும் அடிச்சாங்க."

"பேசாதீங்க ஐயா."

"சொல்லாம நின்னுட்டோமேன்னு கவலையா இருந்துச்சு. எனக்காக நிப்பாட்டுறாங்க பாருங்க, பஸ்ல எல்லாருக்கும் நேரமாகுமில்ல?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அடிக்கிற வரைக்கும் நம்மளை யாரோ பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்கன்னு கிடந்தேன். நாளைக்கு அடிக்காம விட்டுட்டா என்ன செய்யன்னு அதுதான் பயமாயிருந்துச்சு."

வெள்ளைச்சாமி அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். நர்ஸ் வெளியே வந்தாள்.

"கூட வந்தது யாரு? பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?"

வெள்ளைச்சாமிக்கு நேற்று மத்தியானம் தன் வாயிலிருந்து வந்த அதே கேள்வி ஞாபகம் வந்தது.

"சார், உங்களைத்தான் கேக்குறேன். சொந்தக்காரங்க யாராவது வராங்களா?"

"இல்லம்மா. நான்... நான் ஸ்டேஷன்லயிருந்து வந்திருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். அவருக்கு அவசரம், நின்றபடியே சொன்னார்.

"உயிருக்குப் பயமில்ல. ஆனா முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். சீழ் ஏறிருச்சு. நேத்துக் கொண்டு வந்திருந்தீங்கன்னா காலைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்."

"நேத்தா?" என்றார் வெள்ளைச்சாமி.

"ஆமா, நேத்து மத்தியானம் கொண்டு வந்திருந்தாக்கூட." டாக்டர் போய்விட்டார்.

வராந்தா பெஞ்சில் வெள்ளைச்சாமி உட்கார்ந்தார். எத்தனையோ பேர் போனார்கள், வந்தார்கள். சாப்பாட்டுக் கூடையோடு ஒரு குடும்பம் வந்தது. எல்லாருக்கும் உள்ளே ஒருவர் இருந்தார், உள்ளே இருந்தவர்களுக்கெல்லாம் வெளியே ஒருவர் இருந்தார். நாச்சியப்பனுக்கு மட்டும் இந்த ஏட்டு. அந்த ஏட்டுக்கே தான் அங்கே உட்கார லாயக்கானவன்தானா என்று தெரியவில்லை.

சாயங்காலம் ஸ்டேஷனில் விசாரித்துக்கொண்டு தாவூது வந்தார். அதே தோல்பை. ஓடி வந்திருப்பார் போல, சட்டை நனைந்திருந்தது. ஏதாவது திட்டுவார் என்று வெள்ளைச்சாமி எழுந்து நின்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இருக்காரா சார்?"

"இருக்காரு. ஆனா கால்..." முழங்காலுக்குக் கீழே கையால் காட்டினார்.

தாவூது தோல்பையைக் கழற்றி பெஞ்சில் வைத்தார்.

"பேர் என்னவாம் சார்?"

"நாச்சியப்பன்."

"நாச்சியப்பன்," என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார் தாவூது. வார்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, கடைசி நடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போனார்.

மரகதவல்லி வந்தபோது வராந்தாவில் விளக்குப் போட்டிருந்தார்கள். பெஞ்சில் ஏட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொண்டு வந்திருந்த டீயை நீட்டினார்.

"சர்க்கரை போடலை."

வெள்ளைச்சாமி வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. டீ ஆறியது.

"அம்மா."

"சொல்லுங்க."

"காலையில ஒண்ணு கேட்டேன். ஆளைக் காணோம்னு வந்தா எவ்வளவு நேரம் பொறுக்கலாம்னு. நீங்க இன்னும் பதில் சொல்லலை."

மரகதவல்லி வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பொறுத்துக் கிடந்தவர் உள்ளதான் இருக்காரு. அவரைக் கேளுங்க ஏட்டையா."

வெள்ளைச்சாமி எழுந்து வார்டு வாசல் வரை போனார். அங்கேயே நின்றார்.